உலகின் தன்பாலீர்ப்புத் திரைப்படங்களை இணை இணையாகப் பார்ப்பது எப்படி?

ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் பற்றிய திரைப்படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் முதலில் தேடி எடுப்பது 'சிறந்த 100 படங்கள்' என்பது போன்ற ஒரு பட்டியலைத்தான். பட்டியல்களில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் 1931ஆம் ஆண்டின் ஜெர்மானியப் படமும் 2016ஆம் ஆண்டின் அமெரிக்கப் படமும் அவற்றில் அடுத்தடுத்த எண்களாக நிற்கும்போது, முன்னது எத்தகைய நெருக்கடியில் எடுக்கப்பட்டது, பின்னதற்கு எவ்வளவு தாராளமாக இடம் கிடைத்தது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மற்ற காதல் படங்களுக்கு இல்லாத ஒரு நிலைமை இந்தப் படங்களுக்கு உண்டு. இவை காட்டும் காதல் பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சில நாடுகளில் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகையால் ஒரு படம் என்ன சொல்கிறது என்பதோடு, அதை எவ்வளவு தூரம் சொல்ல விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் படம் முழுமையாகப் பிடிபடும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, படங்களை இணை இணையாகப் பார்ப்பது. ஏதாவது ஒரு பொருத்தம் உள்ள இரண்டு படங்களை, அதிக இடைவெளி விடாமல், ஒரே வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் கதை ஒன்றாக இருந்து காலம் வேறாக இருக்கலாம். காலம் ஒன்றாக இருந்து நாடு வேறாக இருக்கலாம். தொழிலும் நிலப்பரப்பும் ஒத்திருந்து சட்டம் மட்டும் மாறியிருக்கலாம். ஒன்றைத் தனியாகப் பார்க்கும்போது இயல்பானதாகத் தோன்றும் ஒரு முடிவு, மற்றொன்றின் அருகில் வைத்ததும் ஒரு தணிக்கை அதிகாரியின் கை பட்டதாகவோ ஓர் இயக்குநரின் பிடிவாதமாகவோ தெரியத் தொடங்கும்.

எந்த இணையிலிருந்து தொடங்குவது

காலவரிசைப்படி ஊமைப் படங்களிலிருந்து தொடங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பழைய படங்களின் நடிப்பும் வேகமும் பழகாதவரை அந்தத் தொடக்கம் களைப்படையச் செய்துவிடும். முதல் இணையாக 'ப்ரோக்பேக் மவுன்டன்' (2005), 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' (2017) ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஆங் லீ இயக்கிய முதல் படம், 1963ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவின் வயோமிங் மலைப்பகுதியில் செம்மறி ஆடு மேய்க்க அமர்த்தப்படும் எனிஸ், ஜாக் என்ற இரு இளைஞர்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்தொடர்கிறது. ஃப்ரான்சிஸ் லீ இயக்கிய இரண்டாவது படம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைச்சரிவில் நோயுற்ற தந்தையின் பண்ணையைக் கவனித்துவரும் ஜானி என்பவனையும், ஆடுகள் குட்டி ஈனும் பருவத்துக்கு உதவியாளாக வந்துசேரும் ருமேனியனான கியோர்கேயையும் பற்றியது. அந்த இயக்குநரே யார்க்‌ஷயரில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர் என்பதால், ஆட்டுக் கொட்டகையில் நடக்கும் எந்த வேலையும் நடித்துக் காட்டியது போல இருக்காது.

இரண்டிலும் ஆடு, குளிர், கூடாரம் அல்லது குடிசை, குறைவாகப் பேசும் ஆண்கள். இவ்வளவு ஒற்றுமை இருப்பதனாலேயே வேற்றுமை பளிச்சென்று தெரிகிறது. எனிஸ் சிறுவனாக இருக்கும்போது, ஓர் ஆணோடு வாழ்ந்ததற்காக அடித்துக் கொல்லப்பட்ட ஒருவரின் உடலை அவனுடைய தந்தை அழைத்துச் சென்று காட்டியிருக்கிறார். அந்தப் பிணத்தின் நிழல் படம் முழுவதும் அவன்மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஜானியை அப்படி யாரும் மிரட்டவில்லை. இங்கிலாந்தில் ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளும் உரிமை 2014ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அவனுக்குக் குறுக்கே நிற்பது அன்பாக ஒருவரைத் தொடத் தெரியாத அவனுடைய முரட்டுத்தனம் மட்டுமே. கியோர்கே, செத்துப்போன குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத இன்னொரு குட்டிக்குச் சட்டைபோல மாட்டிவிட்டு, குட்டியை இழந்த ஆட்டிடம் அதை விடுகிறான்; தன் குட்டியின் மணம் வருவதால் தாய் ஆடு அதை ஏற்றுக்கொள்கிறது. ஜானி அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவோ அது அவன் கண்முன்னே, ஒரு சொல்கூட இல்லாமல் நடந்துவிடுகிறது. இரண்டு படங்களிலும் இறுதிப் பகுதியில் காதலனின் உடை ஒன்று வருகிறது. அந்த உடை யார் கைக்கு வருகிறது, எப்போது வருகிறது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரு காலங்களுக்கு இடையே உள்ள தொலைவு அதிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரே கதை, இருபத்தைந்து ஆண்டு இடைவெளி

இரண்டாவது இணைதான் இந்த முறையின் பயனை மிகத் தெளிவாகக் காட்டக்கூடியது. லிலியன் ஹெல்மன் எழுதி 1934ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் அரங்கேறிய 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்' என்ற நாடகத்தில், பள்ளி நடத்தும் இரு ஆசிரியைகளுக்கு இடையே காதல் உறவு இருப்பதாக ஒரு மாணவி கிளப்பிவிடும் பேச்சு அவர்களுடைய வாழ்வையே குலைத்துவிடுகிறது. இதைப் படமாக்கும் உரிமை வாங்கப்பட்டபோது ஹாலிவுட்டில் தயாரிப்பு ஒழுங்கு விதிகள் கடுமையாகிவிட்டிருந்தன. 1930ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 1934ஆம் ஆண்டு முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட அந்த விதிகளின்படி, தன்பாலீர்ப்பைக் காட்டுவது மட்டுமல்ல, அதைக் குறிப்பாக உணர்த்துவதும் தடை செய்யப்பட்டிருந்தது. நாடகத்தின் தலைப்பைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. ஹெல்மனே திரைக்கதையை மாற்றி எழுதினார்; பேச்சு இப்போது ஓர் ஆசிரியைக்கும் மற்றவரின் காதலனுக்கும் இடையே தொடர்பு இருப்பதாக மாறியது. வில்லியம் வைலர் இயக்கிய அந்தப் படம் 1936ஆம் ஆண்டில் 'தீஸ் த்ரீ' என்ற பெயரில் வெளிவந்தது.

அதே வைலர் 1961ஆம் ஆண்டில் நாடகத்தின் சொந்தப் பெயரிலேயே கதையை மறுபடியும் எடுத்தார். ஆட்ரி ஹெப்பர்னும் ஷர்லி மெக்லெய்னும் ஆசிரியைகளாக நடித்தார்கள். முந்தைய படத்தில் ஆசிரியை மார்த்தாவாக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ், இந்தப் படத்தில் மார்த்தாவின் அத்தையாக வருகிறார். அதே ஆண்டு அக்டோபரில்தான் விதிகள் தளர்த்தப்பட்டு, இந்தப் பொருளை அடக்கத்தோடு கையாளலாம் என்று அனுமதி தரப்பட்டது. அடக்கம் எவ்வளவு என்பதைப் படத்திலேயே காணலாம்: மாணவி தன் பாட்டியின் காதில் அந்தக் குற்றச்சாட்டைக் கிசுகிசுக்கும் காட்சியில் பாட்டியின் முகம் மாறுவதைப் பார்க்கிறோமே தவிர, என்ன சொன்னாள் என்பது நம் காதில் விழுவதில்லை. அந்தச் சொல்லை உச்சரிக்காமலே அது ஒரு பள்ளியைக் காலி செய்துவிடுகிறது.

இந்த இணையை 1936, 1961 என்ற வரிசையிலேயே பார்க்க வேண்டும். முதல் படம் மென்மையாக முடிகிறது. இரண்டாவது படம் மார்த்தாவின் மரணத்தில் போய் முடிகிறது. விதிகள் தளர்ந்த பிறகு வந்த படத்தில்தான் அவள் சாகிறாள் என்பது முதலில் முரணாகத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்து அனுமதியின் விலையே அதுதான்: பெண்ணை விரும்பும் பெண்ணைத் திரையில் காட்டலாம், அவள் மகிழ்ச்சியாக இருப்பதைக் காட்ட எவரும் துணியவில்லை. அவள் அழுதுகொண்டே தன் மனத்தை ஒப்புக்கொள்ளும் காட்சியை இன்றைய கண்களோடு பார்த்துச் சலித்துக்கொள்வது எளிது. ஷர்லி மெக்லெய்னின் நடிப்பு அந்த எழுத்தைவிட நேர்மையானது என்பது என் கருத்து. இதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளுக்கு, இத்தகைய பாத்திரங்கள் இறுதியில் தற்கொலை, கொலை, நோய் ஆகியவற்றில் ஒன்றால் மடிவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வழக்கத்தை அறிந்தபின், டோனா டெய்ச் இயக்கிய 'டெசர்ட் ஹார்ட்ஸ்' (1985) ஏன் அவ்வளவு கொண்டாடப்பட்டது என்பது புரியும். 1959ஆம் ஆண்டில் விவாகரத்துக்காக நெவாடா மாநிலத்தின் ரீனோ நகருக்கு வரும் ஒரு பேராசிரியைக்கும் இளம்பெண் ஒருத்திக்கும் இடையேயான அந்தக் காதல் கதையில் யாரும் சாவதில்லை.

சட்டமே கதையாகும் படங்கள்

ஊமைப் படங்களுக்குப் போக இப்போது நேரம் வந்துவிட்டது. 1919ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஆஸ்வால்ட் ஜெர்மனியில் எடுத்த 'டிஃபரன்ட் ஃப்ரம் தி அதர்ஸ்' என்ற படம், ஆண்களுக்கு இடையேயான உறவைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை நேரடியாக எதிர்த்தது. வயலின் கலைஞர் ஒருவரை அந்தப் பிரிவைக் காட்டியே ஒருவன் மிரட்டிப் பணம் பறிக்கிறான். பாலியல் ஆய்வாளரான மருத்துவர் மேக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் திரைக்கதையில் பங்கேற்றதோடு, படத்துக்குள்ளேயே மருத்துவராக வந்து விளக்கமும் சொல்கிறார். மறு ஆண்டே படம் தடை செய்யப்பட்டது. பின்னர் பிரதிகள் அழிந்துபோய், இன்று பகுதிகள் மட்டுமே கிடைக்கின்றன. மீட்டெடுக்கப்பட்ட பிரதியில் தொலைந்த காட்சிகளின் இடத்தை நிழற்படங்களும் எழுத்து அட்டைகளும் நிரப்புகின்றன. எனவே அதைக் கதைப் படமாக மட்டும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம். தீயிலிருந்து மிஞ்சிய ஆவணத்தைப் படிப்பது போலப் பாருங்கள்.

அதற்கு இணை, பிரிட்டனில் பேசில் டியர்டன் இயக்கிய 'விக்டிம்' (1961). இதிலும் மிரட்டிப் பணம் பறிப்பதுதான் கதை. அன்றைய பிரிட்டனில் பெண்களின் மனம் கவர்ந்த நாயகனாக இருந்த டர்க் போகார்ட், தன்னையும் தன் போன்றவர்களையும் மிரட்டும் கும்பலைச் சட்டத்தின் முன் நிறுத்தத் தன் வாழ்வைப் பணயம் வைக்கும் வழக்கறிஞராக நடித்தார். அமெரிக்காவில் அதற்குத் தயாரிப்பு விதிகளின் ஒப்புதல் முத்திரை மறுக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 21 வயது நிரம்பிய ஆண்களின் தனிப்பட்ட உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய சட்டம் 1967ஆம் ஆண்டில் வந்தது. ஜெர்மனியின் 175ஆம் பிரிவு முழுமையாக ஒழிந்தது 1994ஆம் ஆண்டில்தான். இரண்டு படங்களுக்கு இடையே 42 ஆண்டுகள் இருந்தும், மிரட்டுகிறவன் கையில் இருக்கும் ஆயுதம் மாறவில்லை. நாற்பதாண்டு ஐரோப்பிய வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகக் கற்றுக்கொள்ள முடியாது.

பிரதியைச் சரிபார்த்தல்

இது அலுப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்கக் கூடாதது. தணிக்கையாளர்களும் விநியோகஸ்தர்களும் அடிக்கடி வெட்டியிருக்கும் படங்களில் இந்த வகைப் படங்களும் அடங்கும். படத்தைத் தொடங்குவதற்கு முன் உங்களிடம் உள்ள பிரதியின் நீளத்தை, அந்தப் படம் முதலில் திரையிடப்பட்டபோது இருந்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென் கைகேயின் 'ஃபேர்வெல் மை கான்குபைன்' 171 நிமிடப் படம்; அமெரிக்காவில் அது 157 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டு வெளியானது. பார்க் சான்-வூக்கின் 'தி ஹேண்ட்மெய்டன்' 145 நிமிட நீளத்தில் திரையரங்குகளுக்கு வந்தது. 168 நிமிடங்கள் கொண்ட நீட்டிக்கப்பட்ட பிரதி ஒன்றும் இருக்கிறது. இரண்டாவது நிகழ்வில் குறுகிய பிரதி வெட்டப்பட்ட பிரதி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிமிடங்கள் குறைந்தாலே வெட்டு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. பழைய ஐரோப்பிய தொலைக்காட்சி முறையான பால் முறையில் அமைந்த டிவிடிகளில் அது 25 சட்டகங்களாக ஓடும். ஆகவே 100 நிமிடப் படம் ஒரு காட்சிகூடக் குறையாமல் 96 நிமிடங்களில் முடிந்துவிடும். வித்தியாசம் நூற்றுக்கு நான்கு என்ற அளவில் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் வேறு பிரதி தேடுங்கள். விமானத்திலும் சில நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் வரும் பிரதிகளை நம்பவே வேண்டாம்.

மொழிமாற்றுப் பிரதிகளைவிட மூல ஒலியும் வசன வரிகளும் கொண்ட பிரதியே நல்லது, ஏனெனில் மொழிமாற்றும்போது வசனம் மட்டும் மாறுவதில்லை. தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996) ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டது. அதில் ஓரகத்திகளாக வரும் இரு நாயகிகளின் பெயர்கள் ராதா, சீதா. இந்தி வடிவத்தில் சீதா, நீதாவாக மாற்றப்பட்டாள். அந்தப் பெயர்கள் எதற்காக வைக்கப்பட்டனவோ அதில் பாதி அங்கேயே கழன்றுவிட்டது.

பார்க்கும்போது எதைக் கவனிப்பது

வெளிப்படையாகப் பேச முடியாதவர்களைப் பற்றிய படங்களில் கைகளும் கண்களும் வசனத்தைவிட அதிகம் பேசும். டாட் ஹேன்ஸ் இயக்கிய 'கேரல்' (2015) இதைப் பழகுவதற்குப் பொருத்தமான படம். 1950களின் தொடக்கத்து நியூயார்க்கில், கடையில் பொம்மைப் பிரிவில் வேலை செய்யும் தெரேஸ் என்ற இளம்பெண்ணும், விவாகரத்தில் இருக்கும் கேரல் என்ற செல்வந்தப் பெண்ணும் இதில் நாயகிகள். தொடக்கத்தில் ஓர் உணவு விடுதியில் இருவரும் எதிரெதிரே அமர்ந்திருக்க, தெரேஸுக்குத் தெரிந்த ஓர் இளைஞன் உற்சாகமாகக் குறுக்கே வந்து பேசுகிறான். கேரல் எழுந்து, போகும்போது தெரேஸின் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டுப் போகிறாள். அந்த இளைஞனுக்கு அது இரு தோழிகள் விடைபெறும் சாதாரணக் காட்சி. நமக்கும் அப்போது அப்படித்தான் தோன்றுகிறது. படத்தின் பிற்பகுதியில் அதே மேசைக்கு, இம்முறை அவர்கள் இருவரின் பக்கத்திலிருந்து, கதை திரும்பி வருகிறது. தோளில் கை படும்போது அதன் கனம் முழுவதும் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் எட் லாக்மன் இதைச் சூப்பர் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தார். அதனால் வரும் சொரசொரப்பும், ஈரமான கண்ணாடிகளுக்குப் பின்னால் கலங்கித் தெரியும் முகங்களும், ஒளிந்து பார்க்கவேண்டிய காதலுக்கு ஏற்ற தோற்றத்தைத் தருகின்றன. 'டெசர்ட் ஹார்ட்ஸ்' ஏற்கெனவே பார்த்திருந்தால் இதற்கு அதுவே இணை: ஏறத்தாழ அதே பத்தாண்டு, அதே விவாகரத்து, ஆனால் நெவாடாப் பாலைவனத்தின் திறந்த வெளிச்சம்.

யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற கேள்வியையும் விடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டில் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை இயக்குநர் அப்தலாதீஃப் கெஷிஷும் இரு நடிகைகளும் சேர்ந்து பெற்ற 'ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்', நடிப்புக்காக எவ்வளவு பாராட்டப்பட்டதோ, அதன் நீண்ட படுக்கையறைக் காட்சிகளுக்காக அவ்வளவு விமர்சிக்கவும்பட்டது. மூலக் கதையை வரைகதையாக எழுதியவரே அந்தக் காட்சிகளை ஏற்கவில்லை. அதன் அருகில் செலின் சியாமாவின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' (2019) படத்தை வைத்துப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு தீவில், திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை அவளுக்குத் தெரியாமல் உற்றுப் பார்த்து ஓவியமாகத் தீட்ட ஓர் ஓவியை வருகிறாள். பார்க்கிறவளையும் பார்க்கப்படுகிறவளையும் படம் மெல்ல மெல்ல இடம் மாற்றி வைத்துவிடுகிறது. பின்னணி இசை என்று தனியாக ஒன்று இல்லாததால், கதைக்குள்ளேயே இசை ஒலிக்கும் சில நேரங்கள் உடலை உலுக்குகின்றன. நல்ல ஒலிப்பெருக்கியோ காதில் மாட்டும் ஹெட்ஃபோனோ இருந்தால் இந்தப் படத்துக்காக அதை ஒதுக்கி வையுங்கள்.

மற்ற நாடுகளுக்கு இணை தேடுதல்

ஆங்கிலப் படங்களோடு நின்றுவிடுவதுதான் இந்தப் பயணத்தில் எளிதாக நேரும் குறை. சீன மொழிப் படங்களுக்கு 1993ஆம் ஆண்டு ஒன்றே போதுமான இணையைத் தருகிறது. அந்த ஆண்டு 'ஃபேர்வெல் மை கான்குபைன்' கான் விழாவில் தங்கப் பனையையும், ஆங் லீயின் 'தி வெட்டிங் பேங்க்வெட்' பெர்லின் விழாவில் தங்கக் கரடியையும், இரண்டும் வேறு படங்களோடு பகிர்ந்து, வென்றன. முன்னது பெய்ஜிங் இசை நாடகத்தில் பெண் வேடமிடும் ஒருவர் தன் சக நடிகரின்மேல் கொள்ளும் காதலை அரை நூற்றாண்டு அரசியல் கொந்தளிப்பின் ஊடாகச் சொல்லும் பெருங்காவியம். பின்னது நகைச்சுவை: நியூயார்க்கில் ஆண் துணையோடு வாழும் தைவான் இளைஞன், பெற்றோரைச் சமாளிக்க ஒரு பெண்ணைப் பெயருக்கு மணந்துகொள்கிறான். ஆங்கிலம் தெரியாதவர் என்று எல்லாரும் நினைத்திருந்த தந்தை, எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டவர் என்பது மகனின் துணைவரிடம் மட்டும் வெளிப்படுகிறது. கடைசியில் விமான நிலையச் சோதனையில் அந்தத் தந்தை இரு கைகளையும் மேலே தூக்குகிறார். அது சோதனைக்காக மட்டுமா என்பதை இயக்குநர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

சோசலிச நாடுகளிலிருந்து, கரோய் மக் இயக்கிய ஹங்கேரியப் படமான 'அனதர் வே' (1982), ஹைனர் காரோவ் இயக்கிய கிழக்கு ஜெர்மானியப் படமான 'கமிங் அவுட்' (1989) ஆகிய இரண்டும் அருமையான இணை. முன்னதன் நாயகி 1958ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையில் வேலை செய்பவள். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக ஹங்கேரியில் நடந்த 1956ஆம் ஆண்டு எழுச்சியைப் பற்றிய உண்மையையும், உடன் பணிபுரியும் மணமான பெண்மீது கொண்ட காதலையும் ஒரே நேரத்தில் மறைக்க மறுக்கிறாள். அதில் நடித்த போலந்து நடிகை யாத்விகா யான்கோவ்ஸ்கா-சீஷ்லாக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார். 'கமிங் அவுட்' 1989 நவம்பர் 9 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அன்றிரவுதான் பெர்லின் சுவர் திறந்தது. ஓர் ஆசிரியரின் ரகசியம் உடைவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டம், நாடே உடைந்து திறந்துகொண்டிருப்பதைக் கண்டது.

ஆப்பிரிக்காவிலிருந்து கினி நாட்டின் 'டகான்' (1997), கென்யாவின் 'ரஃபிகி' (2018). முன்னது காருக்குள் இரு இளைஞர்கள் முத்தமிடும் காட்சியோடு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தொடங்குகிறது. வனூரி கஹியு இயக்கிய பின்னது நைரோபியின் இரு பெண்களைப் பற்றிய வண்ணமயமான படம். கான் விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படமும் அதுவே. சொந்த நாட்டில் அது தடை செய்யப்பட்டது. முடிவு நம்பிக்கை தருவதாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று தணிக்கை வாரியம் கேட்டது, இயக்குநர் மறுத்துவிட்டார். 1961ஆம் ஆண்டின் மார்த்தாவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. நீதிமன்றம் தடையை ஏழு நாட்களுக்கு விலக்கியபோது அரங்குகள் நிரம்பின.

இந்தியாவிலிருந்து 'ஃபயர்' படத்துக்கு இணையாக ஜியோ பேபியின் மலையாளப் படமான 'காதல் – தி கோர்' (2023) படத்தை வைக்கலாம். முன்னதைத் தணிக்கை வாரியம் வெட்டின்றி அனுமதித்தும், 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. பின்னது, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பரில் தளர்ந்த பிறகு வந்தது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் ஒருவரிடம் அவருடைய மனைவி விவாகரத்து கேட்கிறார். அந்தக் கணவராக நடித்த மம்மூட்டியின் துணிவைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். ஆனால் படத்தின் நியாயம் ஜோதிகா ஏற்ற மனைவி பாத்திரத்தின் பக்கம்தான் நிற்கிறது என்பேன்.

எய்ட்ஸ் நோய்க் காலத்தைப் பற்றிய படங்களை ஒரே மூச்சில் அடுக்கிப் பார்க்க வேண்டாம், மனம் மரத்துவிடும். டெரக் ஜார்மனின் 'ப்ளூ' (1993), ரோபான் கம்பியோவின் '120 பீட்ஸ் பெர் மினிட்' (2017) ஆகிய இரண்டு போதும். பார்வை மங்கிக்கொண்டிருந்த ஜார்மன், 79 நிமிடங்களும் திரையில் நீல நிறத்தை மட்டுமே வைத்துக் குரல்களாலும் ஒலிகளாலும் ஒரு படம் எடுத்தார். மறு ஆண்டு இறந்தார். கம்பியோ, பாரிஸில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் அமைப்பில் தாமே இருந்தவர் என்பதால், அவருடைய படத்தில் கூட்ட விவாதங்களே சண்டைக் காட்சிகளைப் போல விறுவிறுப்பாக இருக்கின்றன. 'ப்ளூ' படத்தை விளக்கணைத்த அறையில், கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் பார்க்காவிட்டால் பார்க்காமலே இருந்துவிடலாம்.

திருநர்களைப் பற்றிய படங்களை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. அவற்றின் கேள்விகள் வேறு. அவற்றுக்குத் தனி இணைகள் அமைத்துப் பார்ப்பதே முறை.

பிறரோடு பார்ப்பதும் தனியாகப் பார்ப்பதும்

குழுவாகப் பார்ப்பதானால், எல்லாருக்கும் முன்கூட்டியே படத்தின் வயதுச் சான்றையும், தற்கொலையோ வன்முறையோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கதையைச் சொல்லாமலேயே இதைச் சொல்ல முடியும். படம் முடிந்ததும் கூடியிருப்பவர்களில் யாரையும் பார்த்து 'உங்களுக்கு இது எப்படி இருந்தது' என்று குறிவைத்துக் கேட்காதீர்கள். தாம் யார் என்பதை வெளியில் சொல்லாத ஒருவர் அங்கே இருக்கக்கூடும். அதே காரணத்தால், ஒருவர் இந்தப் படங்களை விரும்பிப் பார்க்கிறார் என்பதை வைத்து அவரைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

தனியாகப் பார்க்கிறவர்களில், வீட்டில் தெரிந்தால் சிக்கல் என்ற நிலையில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரே ஸ்ட்ரீமிங் கணக்கைப் பலர் பயன்படுத்தினால், பார்த்த படங்களின் வரலாறும், அதையொட்டி முகப்பில் வரும் பரிந்துரைகளும் எல்லாருக்கும் தெரியும். தனிப் பயனர் பக்கம் அமைத்துக் கடவு எண் வைப்பது, பார்த்தபின் வரலாற்றை நீக்குவது ஆகிய இரண்டையும் படத்தைத் தொடங்குவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். இத்தகைய உறவுகளைச் சட்டம் தண்டிக்கும் நாடுகளில் இருப்பவர்கள் பதிவிறக்கிய கோப்புகளைக் கைபேசியில் விட்டுவைக்காமல் இருப்பது நல்லது.

இங்கே சொன்ன இணைகள் முடிந்ததும் அடுத்தவற்றை நீங்களே அமைத்துக்கொள்ள விருதுப் பட்டியல்கள் உதவும். இத்தகைய படங்களுக்கென்றே பெர்லின் விழாவில் 1987ஆம் ஆண்டு முதல் டெடி விருதும், வெனிஸ் விழாவில் 2007ஆம் ஆண்டு முதல் குயர் லயன் விருதும், கான் விழாவில் 2010ஆம் ஆண்டு முதல் குயர் பாம் விருதும் வழங்கப்படுகின்றன. ஏதாவது ஒரு படம் மனத்தில் நின்றால், அதன் நாட்டையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, பத்து ஆண்டுகள் முன்னோ பின்னோ அதே நாட்டிலிருந்து இந்தப் பட்டியல்களில் இடம்பெற்ற இன்னொரு படத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதே ஆண்டில் வேறு நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இணையில் ஒன்று எங்குமே அகப்படவில்லை என்றால், அது ஏன் அகப்படவில்லை என்று அரைமணி நேரம் தேடிப் படித்துவிட்டு மற்றொன்றைப் பாருங்கள். தடை, தொலைந்த பிரதி, உரிமைத் தகராறு ஆகியவற்றில் எது காரணமாக இருந்தாலும், அதுவும் கையில் இருக்கும் படத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லும்.